அரசாணைக்கு அடங்காத மண்

கப்பல் வரவில்லை!

கரும்புக்கும் புகையிலைக்கும் பெயர்பெற்ற கியூபாத் தீவின் தலைநகரம் ஹவானா. முப்பதாண்டுக் காலம் அத்துறைமுகத்தை நாடி ஓயாது வந்த கப்பல்கள் குறைந்தன, பின்னர் நின்றேபோயின. எண்ணெய் ஏற்றி வந்த கப்பல், உரம் ஏற்றி வந்த கப்பல், கோதுமை ஏற்றி வந்த கப்பல், எல்லாம் சோவியத்து நாட்டின் தோழமையால் வந்தவை. 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் சோவியத்து ஒன்றியமே உலகப் படத்திலிருந்து மறைந்தது. அனுப்புவோரே இல்லாதபோது கப்பல் எங்கிருந்து வரும்?

முப்பதாண்டு உருண்டோடியது. வேறொரு கடல், வேறொரு தீவு. 2021-ஆம் ஆண்டு மே மாதம், இலங்கை. அங்கே உரக்கப்பல் வராமற்போகவில்லை. வரக்கூடாது என்று ஆட்சிப்பீடமே ஆணையிட்டது. "இனி இந்நாட்டில் இரசாயன உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, முழுதும் இயற்கை வேளாண்மையே" என்று முழங்கினர். அயல்நாட்டார் பலர் புகழவும் செய்தனர். ஏழு திங்கள் நிறைவதற்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டில், ஆணையிட்டவரே அரண்மனையை விட்டு ஓடினார்.

ஒரு தீவுக்கு உரம் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறியேனும் எழுந்து நின்றது. மற்றொரு தீவு கிடைத்த உரத்தைத் தானே தடுத்தது, தலைகுப்புற வீழ்ந்தது. இரண்டிலும் பேசப்பட்டது ஒரே இயற்கை வேளாண்மைதான். எனில், விளைவு ஏன் வேறுபட்டது? இயற்கை வேளாண்மை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் இரு தீவுகளின் வரலாற்றையும் தத்தம் வசதிக்கேற்ப வெட்டி ஒட்டிக் காட்டுகின்றனர். வெட்டாமல், ஒட்டாமல், முழுவதையும் பார்ப்போம்.

முதலில், மண்ணுக்கு மருந்துப்புட்டி வந்த கதை.

பயிருக்கு வேண்டிய ஊட்டம் இன்னின்னது என்று பகுத்து உரைத்தவருள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் லீபிக். அவர் நூல் வெளிவந்த ஆண்டு 1840. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என்று இன்று நம் உழவர்கள் பேசும் கணக்குக்கு அடித்தளம் அங்கே இடப்பட்டது. தழைச்சத்தாகிய நைட்ரஜன் காற்றிலே நிறைந்து கிடக்கிறது. ஆனால் பயிரால் அதை நேரே பருக முடியாது. கடல் நடுவே உப்புநீர் சூழத் தாகத்தால் தவிப்பவனைப் போன்றது பயிரின் நிலை. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹாபர் என்னும் அறிஞர் அந்தக் காற்றைப் பிடித்து அம்மோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதைப் பெருந்தொழிலாக்கினார். 1913-இல் ஓப்பாவ் என்னும் ஊரில் ஆலை ஓடத் தொடங்கிற்று. அதுவே இன்றைய யூரியாவுக்கு மூலம்.

நன்மை இல்லையா? உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இவ்வாறு செய்த நைட்ரஜனை நம்பியிருக்கிறது என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். தீமை இல்லையா? அதுவும் உண்டு. பயிர் பருகாத உரம் நிலத்தடி நீரில் இறங்குகிறது. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள்: வற்றாத ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலம், கிணறே கதி. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அளவின்றிக் கொட்டிய உரம் கிணற்று நீரிலே நைட்ரேட்டாக ஏறி நிற்கிறது. பூச்சிமருந்தின் பேராபத்தை 1962-இல் ரேச்சல் கார்சன் என்னும் அம்மையார் நூலெழுதி உலகுக்கு உணர்த்தினார். 1984-இல் போபால் நகரம் உணர்த்திய பாடமோ இரத்தத்தால் எழுதப்பட்டது. பூச்சிமருந்து செய்யும் ஆலையிலிருந்து கசிந்த நச்சுக்காற்று ஓரிரவில் ஆயிரக்கணக்கானோரைச் சாய்த்தது.

இந்தத் தீமைகளைக் கண்டு மாற்று வழி தேடியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஹோவார்டு. 1905-இல் இந்திய வேளாண்மைக்குப் புத்தி புகட்ட வந்த ஆங்கிலேயர்; வந்தவர், இங்குள்ள உழவரையும் பயிரைத் தின்னும் பூச்சியையுமே தம் ஆசிரியர்களாகக் கொண்டதாகச் சொன்னார். இந்தூரில் அவர் நடத்திய ஆராய்ச்சி நிலையத்திலே, சருகும் சாணமும் மண்ணும் எந்த அளவில் கலக்க வேண்டும், ஈரம் எவ்வளவு, காற்று எவ்வளவு, எத்தனை நாளில் புரட்ட வேண்டும் என்று அளந்து, எழுதி, ஒரு முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிஞருடன் சேர்ந்து 1931-இல் அதை நூலாக வெளியிட்டார். உலகம் அதனை இந்தூர் முறை என்றே அழைக்கிறது.

இங்கே கருத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று. ஹோவார்டு செய்தது பழமைக்குப் பூசை அன்று. உழவன் கைவழக்கத்தை ஆராய்ச்சிக் கூடத்திலே உரைத்துப் பார்த்து, பொன்னைக் கொண்டு பித்தளையைத் தள்ளிய பணி. இயற்கை வேளாண்மை என்பது உரமிடாமல் சும்மாயிருக்கும் வேளாண்மை அன்று. மூட்டையில் வாங்கியதை அறிவால் ஈடுசெய்யும் வேளாண்மை. இந்த இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு இரு தீவுகளையும் அளப்போம்.

கியூபாவிலே 1959-இல் புரட்சி வென்றது. அதே ஆண்டு மே மாதம் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. அமெரிக்கக் கம்பெனிகளும் உள்நாட்டுப் பிரபுக்களும் வளைத்துப் போட்டிருந்த நிலங்களுக்கு 402 ஹெக்டேர் என உச்சவரம்பு விதித்தது அச்சட்டம். 1963-இல் வந்த இரண்டாம் சட்டம் அதை 67 ஹெக்டேராகக் குறைத்தது. சினங்கொண்ட அமெரிக்கா 1962-இல் வாணிபக் கதவை முற்றிலும் அடைத்தது. அடைத்த கதவுக்கு மாற்றாகத் திறந்தது சோவியத்து வாசல். சர்க்கரையைக் கொடு, நல்ல விலை தருகிறேன், எண்ணெயும் உரமும் கோதுமையும் பெற்றுக்கொள் என்றது அந்நாடு.

இனிமையான ஏற்பாடுதான், இனிமையே எமனாயிற்று. தீவு முழுவதும் கரும்பு! பிரபுவின் பண்ணை போய் அரசாங்கத்தின் பண்ணை வந்தது; ஆனால் பண்ணை என்னவோ பண்ணையாகவே நின்றது. உழைப்பவன் கூலியாகவே இருந்தான். உழவு எந்திரம், உரம், பூச்சிமருந்து எல்லாம் கடல் கடந்து வந்தன. கியூபர் உண்ட உணவிலும் பாதிக்கு மேல் கடல் கடந்தே வந்தது. வாயில் இனிப்பு, வயிறோ மாற்றான் கையில்.

சோவியத்து சாய்ந்ததும் எல்லாம் ஒருசேரச் சாய்ந்தன. உர இறக்குமதி நான்கில் மூன்று பங்குக்கு மேல் வீழ்ந்தது. எண்ணெய் பாதிக்கும் கீழே போயிற்று. உழவு எந்திரங்கள் வயலிலே நின்றன. நின்ற இடத்திலே துருவேறின. நாட்டின் மொத்த உற்பத்தி நான்கே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிற்று. அமெரிக்கா மனமிரங்கிற்றா? இல்லை. 1992-இல் ஒரு சட்டம், 1996-இல் மற்றொரு சட்டம் என்று தடைக்கயிற்றை மேலும் இறுக்கிற்று.

பசி வந்தது. சியன்ஃபுயேகோஸ் நகரில் வளர்ந்த மனிதர்கள் 1991-க்கும் 1995-க்கும் இடையே சராசரியாக ஐந்தரைக் கிலோ எடை இழந்தனர் என்று மருத்துவர்கள் அளந்து எழுதினர். அதனினும் கொடுமை ஒன்று: ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பார்வை மங்கிற்று, அல்லது கைகால் நரம்பு தளர்ந்தது. ஆராய்ந்தால், ஊட்டக்குறைவும் வைட்டமின் பஞ்சமும் முதற்காரணங்கள் எனத் தெரிந்தது. 1994-ஆம் ஆண்டு கோடையிலே ஏறத்தாழ 35,000 பேர் மரக்கட்டையையும் ரப்பர்ச் சக்கரத்தையும் சேர்த்துக் கட்டி, தெப்பமாக்கி, அமெரிக்கக் கரையை நோக்கிக் கடலில் இறங்கினர். கியூபாவின் இயற்கை வேளாண்மையைப் பாடுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகின்றனர். தாண்டலாகாது. அது விரும்பி அணிந்த அணிகலன் அன்று; வீட்டில் தீப்பற்றியபோது கைக்குக் கிடைத்த குடம்.

குடம் எங்கிருந்து கிடைத்தது? இதுதான் கேள்வியின் கரு.

தீப்பற்றிய பின் கிணறு வெட்டவில்லை அந்நாடு. கிணறு முன்பே வெட்டப்பட்டிருந்தது. இலத்தீன் அமெரிக்க மக்கட்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேரே கியூபர். ஆனால் அப்பகுதியின் அறிவியலாளருள் நூற்றுக்குப் பதினொருவர் கியூபர் எனச் சொல்லப்பட்டது. அவர்களுள் பலர், கப்பல்கள் தாராளமாக வந்துகொண்டிருந்த எண்பதுகளிலேயே, "இவை நின்றால் என் செய்வது?" என்று ஆராய்ச்சிக் கூடத்தில் அமர்ந்து சிந்தித்தவர்கள். பூச்சியை அழிக்கும் பூஞ்சை எது, புழுவை நோயுறச் செய்யும் நுண்ணுயிர் எது, கேட்டை விளைக்கும் பூச்சியின் முட்டையில் தன் முட்டையை இடும் குளவி எது என்று கண்டறிந்திருந்தனர். நெருக்கடி வந்ததும் அவற்றைப் பெருக்கித் தரும் சிறு நிலையங்கள் நாடெங்கும் இயங்கின. இருநூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகளே பயிற்சி பெற்று அவற்றில் பணியாற்றினர்.

ஓர் எடுத்துக்காட்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் வண்டு ஒன்று உண்டு. அதற்கு எறும்பைப் பகையாக்கினர். எறும்பு குடியிருக்கும் இடத்தில் வாழை இலையையோ வாழைத்தண்டையோ இனிப்புத் தடவி வைப்பர். எறும்புக் கூட்டம் அதில் குடியேறும். அப்படியே தூக்கிச் சென்று கிழங்கு வயலில் வைப்பர். எறும்பு இறங்கி வண்டின் குஞ்சுகளைத் தின்னும். மருந்துக் கம்பெனிக்கு ஒரு காசும் இல்லை! உழவனுக்குத் தெரிந்த எறும்புதான். ஆயினும் எத்தனை கூடு, எந்த நாளில், எவ்வளவு இடைவெளியில் என்று கணக்கிட்டுச் சொன்னது ஆராய்ச்சிக் கூடம். கைவழக்கமும் கல்வியும் கைகோத்த காட்சி இது.

எந்திரம் நின்ற வயலில் எருது இறங்கிற்று. எருது பூட்டத் தெரிந்த முதியவர்களைத் தேடி அழைத்து இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தனர். நகரங்களில், இடிந்த கட்டடங்களின் மனைகளிலும் குப்பை கொட்டிய வெளிகளிலும் பலகையும் கல்லும் கொண்டு பாத்தி கட்டி, மக்கிய எருவை நிரப்பிக் கீரையும் தக்காளியும் விளைத்தனர். மண்புழு வளர்த்து எரு செய்யும் நிலையங்கள் பெருகின. விளைந்த இடத்திலேயே விற்பனை; ஏற்றிச் செல்ல எண்ணெய் வேண்டாம். சில ஆண்டுகளில், ஹவானா மக்கள் உண்ட காய்கறியின் பெரும்பகுதி நகருக்குள்ளும் நகரைச் சுற்றியுமே விளைந்தது. 1999-இல் கியூபாவின் இயற்கை வேளாண்மைக் குழுவுக்கு, மாற்று நோபல் என்று புகழப்படும் நல்வாழ்வுரிமை விருது வழங்கப்பட்டது.

அறிவு மட்டும் போதவில்லை. அங்கேதான் உரிமையின் கதை தொடங்குகிறது. நெருக்கடி வந்தபோது விரைவில் எழுந்து நின்றவர்கள் யார்? பரந்த அரசுப் பண்ணைகளா? அல்ல. சொந்த நிலத்தில் உழுத சிறு குடியானவர்கள்! அவர்களுக்குத் தம் மண்ணின் ஒவ்வொரு மூலையும் தெரியும். ஈரம் எங்கே நிற்கும், எந்த வரப்பில் எறும்பு கூடுகட்டும் என்று தெரியும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் கூலிக்கு வந்து போகும் தொழிலாளிக்கு அது எப்படித் தெரியும்? மூட்டை உரம் எந்த மண்ணையும் ஒன்றாகவே நடத்தும். எருவோ மண்ணுக்கு மண் வேறுபாடு அறிந்தவன் கையைக் கேட்கும். அந்தக் கை அவனுடைய நிலத்தில் அவனுக்காக உழைக்கும் கையாக இருக்க வேண்டும். இதை அரசாங்கம் உணர்ந்தது. 1993 செப்டம்பரில் அரசுப் பண்ணைகளைப் பிரித்துத் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் நிலத்தை ஒப்படைத்தது. 1994 அக்டோபரில் விளைபொருளை விற்க உழவர் அங்காடிகளைத் திறந்தது. தரிசு நிலத்தைக் கேட்போருக்குப் பயன்படுத்தும் உரிமையுடன் தரும் ஆணை 2008-இல் வந்தது.

வெற்றி முழுமையானதா? அல்ல. கியூபா இன்றளவும் தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. காய்கறியிலும் கிழங்கிலும் கண்ட முன்னேற்றம் அரிசியிலும் கோதுமையிலும் பாலிலும் கைகூடவில்லை. கையில் பணம் வந்தபோதெல்லாம் உருளைக்கிழங்குக்கும் கரும்புக்கும் இரசாயன உரம் மீண்டும் வாங்கினர். அண்மை ஆண்டுகளில் எண்ணெயும் மின்சாரமும் இன்றி மீண்டும் அல்லற்படுகின்றனர். எனவே சொர்க்கம் கண்டனர் என்று சொல்லேன்; சாவின் விளிம்பிலிருந்து, அறிவையும் உரிமையையும் ஊன்றுகோலாகப் பிடித்து எழுந்தனர் என்பேன். அது சிறிய செயல் அன்று.

இனி நம் கண்ணெதிரே நடந்த கதைக்கு வருவோம்.

இலங்கை உழவனுக்கு உரத்தைப் பழக்கியது யார்? அரசாங்கமே. 1962 முதல் உரத்துக்கு மானியம் உண்டு. 2005-இல் மகிந்த இராசபக்ச ஆட்சிக்கு வந்ததும் 50 கிலோ உரமூட்டையை 350 ரூபாய்க்குத் தந்தார். வெளிச்சந்தை விலையின் ஒரு சிறு பங்கே அது. "கொட்டு, இன்னும் கொட்டு" என்று கொடுத்துப் பழக்கிய குடும்பத்தின் தம்பிதான் கோத்தபய. 2019 தேர்தலில் அவர் வாக்குறுதி தந்தார்: பத்தாண்டுக் காலத்தில் நாட்டின் வேளாண்மையை இயற்கை வழிக்கு மாற்றுவேன் என்று. பத்தாண்டு! வாக்குறுதியில் குறையில்லை. குறை, பத்தாண்டை ஒரே நாளாகச் சுருக்கியதில்.

ஏன் சுருக்கினர்? மக்கள் நலம் என்றனர். காரணமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் தொண்ணூறுகள் முதல் உழவர்களைச் சிறுநீரக நோய் வாட்டி வருகிறது. உரமும் மருந்தும் நீரும் வெப்பமும் எனப் பலவற்றின்மேல் ஐயம் விழுந்துள்ளது. ஆய்வாளர் இன்றும் ஒருமுகமாய்த் தீர்ப்புரைக்கவில்லை. ஆனால் ஆணையின் நாளைக் குறித்தது மருத்துவமனை அன்று, கருவூலம். கொரோனா நோயால் சுற்றுலா ஓய்ந்தது. வரியைக் குறைத்ததால் வருவாய் ஒழிந்தது. கடன் கழுத்தை நெரித்தது. உரம் வாங்க டாலர் இல்லை. இல்லாமையைச் சொல்ல வெட்கம். எனவே இல்லாமைக்கு இலட்சியம் என்று பெயர் சூட்டினர்! கந்தலை மறைக்கப் போர்த்திய பட்டாடை அந்த ஆணை.

உழவர் எதிர்த்தனரா? ஆணை வந்த சில திங்களில், 2021 ஜூலையில், கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் உழவர்களையே கேட்டது. ஐவரில் மூவருக்கு மேல் இயற்கை வேளாண்மைக்கு மாறும் கொள்கையை ஆதரித்தனர். ஆதரித்தவர்களுள் மிகப் பலர் சேர்த்துச் சொன்னது ஒன்றே: "எங்களுக்குக் காலம் வேண்டும், ஓராண்டுக்கு மேல் வேண்டும்." உழவன் பழமைவெறியன் அல்லன், பேராசைக்காரனும் அல்லன், கணக்கறிந்தவன். பேராதனைப் பல்கலைக்கழகத்து வேளாண் அறிஞர்களும் விளைச்சல் வீழும் என எச்சரித்தனர். உழுபவன் சொல்லும் ஏறவில்லை. ஓதியவன் சொல்லும் ஏறவில்லை, ஆட்சியாளர் செவியில்.

உழவன் அறிந்த அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. நம் தொழுஉரத்திலோ நூற்றுக்கு அரைப்பங்கு அளவே. அப்படியெனில் ஒரு மூட்டை யூரியாவின் நைட்ரஜனைப் பெற ஏறத்தாழ நாலரை டன் தொழுஉரம் தேவை! அதுவும் உடனே கிடைக்காது. மெல்ல மெல்லக் கரைந்தே பயிருக்குச் சேரும். தலையில் ஒரு மூட்டையைச் சுமந்து வந்தவனிடம், "மூட்டை வேண்டாம், வண்டி வண்டியாய் எரு கொண்டுவா" என்கிறது அரசாங்கம். மாடு எங்கே? வண்டி எங்கே? வேறு வழியும் உண்டு: தக்கைப்பூண்டையும் சணப்பையையும் விதைத்து, ஆறேழு வாரம் வளர்த்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் அவற்றின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துவைத்த நைட்ரஜன் மண்ணில் சேரும். ஆனால் அதற்கு விதை வேண்டும், இரு போகத்துக்கிடையே காலம் வேண்டும், நீர் வேண்டும், முன்னதாகவே திட்டம் வேண்டும். சட்டம் போட்டால் சட்டப் புத்தகத்தில் மண்புழு பிறக்குமா?

எருவுக்குப் பஞ்சம் வந்ததும் ஆட்சியாளர் செய்தது என்ன தெரியுமா? இறக்குமதியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் எருவையே இறக்குமதி செய்தனர்! சீனாவிலிருந்து ஒரு கப்பல் 20,000 டன் இயற்கை உரத்துடன் வந்தது. மாதிரியை ஆராய்ந்த இலங்கை அறிவியலாளர்கள், பயிருக்குக் கேடு செய்யும் நுண்ணுயிர் இருக்கிறது என்று தடுத்தனர். விற்ற கம்பெனி மறுத்தது. கப்பல் கரையேறாமல் கடலிலே சுற்றிற்று; 2021 டிசம்பரில் திரும்பிப் போயிற்று. கரையில் இறங்காத எருவுக்காக 2022 ஜனவரியில் 67 இலட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தனர். டாலரை மிச்சம் பிடிக்க வந்த திட்டம் டாலரைக் கடலில் கரைத்த விதம் இது.

வயலில் நெற்பயிர் மஞ்சள் பூத்தது. வவுனியா, கிளிநொச்சி முதல் அனுராதபுரம் வரை தமிழ் உழவனும் சிங்கள உழவனும் ஒரே குரலில் வீதியில் நின்று உரம் கேட்டனர். மொழியால் பிரித்து வைக்கப்பட்டவர்களைப் பசி ஒன்றாக்கிற்று. 2021 நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் பருவம் ஆணைக்காகக் காத்திருக்குமா? டாலரும் இல்லை, உலகச் சந்தையில் உரவிலையும் ஏறிவிட்டது. 2021-இல் 50 இலட்சம் டன்னைத் தாண்டியிருந்த நெல் விளைச்சல், 2022-இல் 34 இலட்சம் டன் அளவுக்கு வீழ்ந்தது. மூன்றில் ஒரு பங்கு மறைந்தது! பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நெல் உழவர்களுக்கு 20 கோடி டாலர் மதிப்பில் இழப்பீடு தருவதாக அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. 2022 மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்பொடியும் மருந்தும் ஏற்றிய கப்பல் தமிழக மக்களின் அன்புக் கொடையாக இலங்கை நோக்கிச் சென்றதை நாம் அறிவோம்.

மலையகத்தை மறக்கலாமா? கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்ணின் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று 2021 மார்ச்சில் அரசிதழ் அறிவித்தது. பல தோட்டங்களில், குறித்த எடை பறித்தால்தான் அந்த முழுக்கூலி. உரமில்லாச் செடியில் கொழுந்து குறைந்தால் எடை எங்கிருந்து வரும்? 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் 2022-இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. ஏட்டில் அது ஏற்றுமதிக் கணக்கு. அந்தப் பெண்ணின் கூடையிலே அது குறைந்த எடை. அவள் அடுப்பிலே அது பாதி உலை. ஆணையிட்ட கையில் மசி உலரும் முன்பே அடிபட்டவர்கள், அந்த ஆணையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கப்படாத இந்தப் பெண்கள்.

2022 ஏப்ரலில் இலங்கை அயற்கடனைத் திருப்ப இயலாது என்று கைவிரித்தது. ஜூலை 9-ஆம் நாள் மக்கள் வெள்ளம் ஆட்சித்தலைவரின் மாளிகைக்குள் புகுந்தது. அவர் நாட்டைவிட்டு ஓடினார். ஜூலை 14-இல் பதவி துறந்தார். உர ஆணை ஒன்றால்தான் அவர் வீழ்ந்தார் என்பது மிகை. கடனும் ஊழலும் ஆணவமும் சேர்ந்து வீழ்த்தின. ஆயினும், பட்டினி கிடந்த வயிறு அந்த ஆணையை மறக்கவில்லை.

இரு தீவுகளையும் இப்போது அருகருகே நிறுத்துங்கள். கியூபாவில் கப்பல் நின்றபோது ஆராய்ச்சிக் கூடம் திறந்திருந்தது; இலங்கையிலே ஆராய்ச்சியாளர் எச்சரித்தும் ஆட்சியின் கதவு மூடியிருந்தது. அங்கே நிலம் உழுபவன் கைக்குச் சென்றது. இங்கே ஆணை மட்டும் உழுபவன் தலைக்கு வந்தது. அங்கும் பசி, இங்கும் பசி. அங்கே பசியிலிருந்து கற்றனர். இங்கே பசியை வரவழைத்தனர்.

இந்த வரலாற்றை வைத்து இருசாரார் நம்மிடம் வாதாட வருவர். இருவருக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

முதற்சாரார், "எல்லாம் நம் முன்னோர் சொன்னதே, பழமைக்குத் திரும்பினால் போதும்" என்பர். அவர்களைக் கேட்கிறேன்: தாது வருடப் பஞ்சத்தை அறிவீர்களா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணமும் பசியால் துடித்தபோது நாட்டில் ஒரு பிடி யூரியா உண்டா? ஒரு துளி பூச்சிமருந்து உண்டா? அத்தனையும் தொழுஉரம், அத்தனையும் மாட்டு ஏர்! அரைக்கோடி மக்களுக்கு மேல் மாண்டனர். மழை பொய்த்தது, ஆனால் மழை மட்டுமா கொன்றது? மக்கள் சாகும்போதே இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிற்று. விளைச்சல் யாருக்கு என்னும் கேள்விக்கு எருக்குழியில் விடையில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் பொற்காலத்திலே எருவை அள்ளியவன் எவன்? தொழுவத்துக் குப்பையைக் கூடையில் ஏற்றித் தலையில் ஒழுக ஒழுகச் சுமந்தவள் எவள்? நிலம் ஒருவன் பெயரில். நாற்றம் இன்னொருவன் உடலில். அந்த நாற்றத்தைக் காட்டியே அவனைத் தீண்டாதே என்றது சாதி. அவன் சுமந்த எருவில் விளைந்த சோறு தீட்டில்லை; அவன் நிழல் தீட்டு! இன்று குளிர்ந்த அறையில் அமர்ந்து பாரம்பரியம் பேசுவோர், எருக்கூடையைத் தங்கள் தலைக்கு மாற்றிக்கொள்ளவில்லை. மண்ணுக்குத் திரும்புவோம் என்பவர், பண்ணையாள் முறைக்குத் திரும்புவோம் என்று பொருள் கொள்ளாதபடி முதலில் உறுதி தரட்டும். எருச் சுமக்கும் வேலைக்கு வண்டியும் கருவியும் நல்ல கூலியும், அனைத்துக்கும் மேலாக மதிப்பும் வேண்டும். அது இல்லாத இயற்கை வேளாண்மை, இயற்கையின் பெயரால் வருணத்துக்கு இடும் எரு.

இரண்டாம் சாரார் கம்பெனிகளின் பக்கத்தில் நிற்பவர். "இலங்கையைப் பார்த்தீரா? மூட்டை இல்லாவிட்டால் பட்டினிதான்" என்பர். அவர்களுக்குச் சொல்வேன்: இலங்கையில் தோற்றது எரு அன்று; ஆணை. நீச்சல் தெரியாதவனை நடுக்கடலில் தள்ளிவிட்டு, "பார், நீரில் மனிதன் மிதக்க மாட்டான்" என்று கொட்டை எழுத்தில் எழுதலாமா? யாழ்ப்பாணத்துக் கிணறு பொய் சொல்லவில்லை. போபால் பொய் சொல்லவில்லை. உரத்தைக் கப்பலில் எதிர்நோக்கும் நாடு, எங்கோ போர் மூண்டாலும் எங்கோ ஓர் ஆட்சி சரிந்தாலும் தன் அடுப்பு அணையும் நாடு என்பதை ஹவானா நமக்குக் காட்டிவிட்டது. மாற வேண்டியது உண்மை. மாறும் வழியில்தான் வழக்கு.

வழி என்ன? வரலாறே சொல்கிறது. உழவனுக்குக் காலம் கொடு: ஓர் ஏக்கர் வைத்திருப்பவன் முதலாண்டில் கால் ஏக்கரில் பழகிப் பார்க்கட்டும். விளைச்சல் குறையும் ஆண்டுகளின் இழப்பை அவன் தலையில் ஏற்றாதே. நல்ல நீரும் நல்ல உணவும் நாட்டுக்கெல்லாம் என்றால், இழப்பையும் நாடே தாங்கட்டும். ஆராய்ச்சிக் கூடத்தை ஊருக்குக் கொண்டுவா. மண்ணை அளந்து, தேவையான அளவு மூட்டையையும் தேவையான அளவு எருவையும் கணக்கிட்டுச் சொல்லும் கல்வியை உழவன் வீட்டு மகனுக்கும் மகளுக்கும் தா. உழுபவனுக்கு நிலத்தின்மேல் உரிமை கொடு. அடுத்த ஆண்டு அந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று அறியாத குத்தகைக்காரன், பத்தாண்டு கழித்துப் பயன்தரும் மண்வளத்தை எதற்காக வளர்ப்பான்?

மண் எவருடைய கட்டளைக்கும் கைகட்டி நிற்பதில்லை. முடியரசன் பறையறைந்தாலும், குடியரசுத் தலைவர் அரசிதழில் அச்சிட்டாலும், தன் காலத்தில்தான் அது கனியும். அதன் காலத்தை அறிந்தவன் உழவன். அதன் கணக்கை அறிந்தவன் அறிவியலாளன். அவ்விருவரையும் ஒரே வரப்பில் நிறுத்தி, இருவரும் சொல்வதைக் கேட்டு, பிறகு எழுதுகோலை எடுப்பவனே ஆளத் தகுந்தவன். கேளாமல் எழுதிய ஆணை என்ன செய்யும் என்பதைக் கூடை நிறையாமல் மலையிறங்கிய அந்தத் தோட்டத்துப் பெண் அறிவாள். நாம் அறிந்துகொள்ள அவளைப்போல் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அவளுக்கு நேர்ந்ததைப் படித்தால் போதும்.